கல்லாங்காட்டு விமானத்தளத்தில் ஒரு சாவு

வாட்ச்மேன் காசிமாயனின் உடலை முதலில் பார்த்தவர் ஆறுச்சாமி.

2007ஆம் வருடம், பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி. பனியன் வேஸ்ட் ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. ஆறுச்சாமி தன் குடோனின் இரும்புக் கதவை உள்பக்கமாகத் தள்ளினார். பூட்டு திறந்தபடி தொங்கியது, கதவு சும்மா சாத்தியிருந்தது. பாதி திறந்ததும் எதன்மேலோ இடித்து நின்றுவிட்டது. தலையை நுழைத்து எட்டிப் பார்த்தவர், அப்படியே பின்வாங்கி, போலீசுக்குப் போன் போடும்படி லாரி டிரைவரிடம் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் வேல்விழி, ஏட்டு தங்கவேலுவுடன் ஜீப்பில் வந்து இறங்கினாள். இன்ஸ்பெக்டர் மாரியம்மன் நோம்பித் திருவிழா பந்தோபஸ்தில் இருந்தார். வேறு ஆளில்லை.

வெள்ளகோவிலைத் தாண்டி இருந்த கல்லாங்காட்டுவலசு விமானத்தளம் அவளுக்குப் புது இடமல்ல. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவம் அவசர அவசரமாகக் கட்டி, போர் முடிந்ததும் போட்டது போட்டபடி விட்டுப்போன இடம். ஓடுபாதையில் இப்போது வெள்ளாடு மேய்ந்தது. வளைந்த கூரைகொண்ட பெரிய ஷெட்டை ஆறுச்சாமி குத்தகைக்கு எடுத்து பனியன் வேஸ்ட் குடோனாக வைத்திருந்தார். பாராசூட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்திய உயரமான கூடம் ஒன்று காலியாக நின்றது. ஓடுபாதையின் ஓரத்தில், விமானங்களுக்கு வழிகாட்டிய மூன்று மாடி டவர். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய அந்த டவரின் உச்சி ஜன்னலில் பச்சை மாவிலைத் தோரணம் காற்றில் அசைந்தது.

தோரணம் குழுவை வரவேற்க. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கலாமா என்று முடிவு செய்யும் குழு, சென்னையிலிருந்து அன்று முற்பகல் வருவதாக இருந்தது. அவர்கள் சம்மதித்தால் இந்தக் கட்டடங்கள் பிழைக்கும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இடித்துவிட்டு ஆறுச்சாமியும் அவர் பங்காளிகளும் கேட்டிருக்கும் ஜவுளிப் பூங்கா வரும்.

கட்டடங்களுக்காக மூன்று வருடமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் ஆஷா. பழைய கட்டடங்களைச் சீர்செய்யப் படித்த ஆர்க்கிடெக்ட். சிறுவயதில் வேலம்பாளையம் லைன் வீட்டில் அவள் குடும்பமும் வேல்விழி குடும்பமும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தார்கள். இரு குடும்பமும் சாத்தூர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவை. வேல்விழியின் அம்மா நைட் ஷிப்ட் போன நாளெல்லாம் ஆஷா வீட்டில்தான் வேல்விழிக்குச் சாப்பாடு. ‘இந்த இடத்தை இடிக்காதீர்கள்’ என்று கலெக்டருக்கு ஆஷா எழுதிய முதல் மனுவில் இரண்டாவது கையெழுத்து வேல்விழியுடையது.

வேல்விழி ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

காசிமாயன் கதவை ஒட்டிக் குப்புறக் கிடந்தார். வலது கை கதவை நோக்கி நீண்டிருந்தது. பின்மண்டையில் காயம், இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது. தரை முழுக்கப் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் அவர் இழுத்துக்கொண்டு வந்த தடம், ஷெட்டின் நடுவில் நின்ற இரும்பு ஏணியடியிலிருந்து கதவு வரைக்கும் தெரிந்தது. ஏணியடியில் அவருடைய ரப்பர் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"மேல ஏறி வழுக்கி விழுந்துருக்காரு மேடம்," என்றார் தங்கவேலு. "தவழ்ந்து வந்து பாத்துருக்காரு. முடியல."

பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. வேல்விழி செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினாள். அடியில் செங்கல் நிறத்தில் தூசி இருந்தது. கீழே வைக்கும்போது தன் பூட்ஸைக் கவனித்தாள். பத்தடி நடப்பதற்குள் அதன் விளிம்பெல்லாம் பஞ்சு ஒட்டி நரைத்துப்போயிருந்தது.

அரசு டாக்டர் வந்து உடலைப் பார்த்தார். விழுந்தது நேற்று பொழுது சாயும் நேரம் இருக்கும் என்றார். விழுந்தவுடன் உயிர் போகவில்லை. இரண்டு மணி நேரமாவது இருந்திருக்கிறார். அப்போதே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, காசிமாயனின் வலது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். தோலுக்குள் நீளமாக ஒரு மரச்சிராய் ஏறியிருந்தது.

வெளியே சத்தம் கேட்டது. செய்தி பரவி, காசிமாயனைப் போலப் பிழைக்க வந்த தெற்கத்திச் சனம் கூடியிருந்தது. ஆறுச்சாமியை ஜீப்பில் ஏற்று என்றார்கள். முந்தின நாள் மத்தியானம் காசிமாயனை அவர் மிரட்டியதைப் பலபேர் கேட்டிருந்தார்கள்.

வேல்விழி அவரை லாரிக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"நேத்து என்ன சொன்னீங்க?"

"மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது? இந்த டவரு எவன் தலைமேலயாவது உழுந்தாத்தான் உங்களுக்கெல்லாம் தெளியுமுன்னு சொன்னேனுங்க."

"அவர்கிட்ட எதுக்கு?"

"அவருகிட்ட இல்லீங்க மேடம். அந்த ஆர்க்கிடெக்ட் புள்ளைகிட்டச் சொன்னது. அவரு நடுவுல வந்து பேசுனாரு, அவருக்குஞ் சேத்திச் சொன்னேனுங்க."

"சாயந்தரம் எங்க இருந்தீங்க?"

"நோம்பி ஊடுங்க. அம்பது பேருக்குச் சோறு போட்டுட்டு இருந்தேன். வந்து கேட்டுப் பாருங்க."

ஷெட் சாவி இரண்டு. ஒன்று அவரிடம். இன்னொன்று, விமானத்தளம் முழுவதற்கும் காவல் இருந்த காசிமாயனின் அரைஞாணில். அது இப்போதும் அவர் இடுப்பிலேயே இருந்தது.

ஆஷா ஷெட் பக்கமே வரவில்லை. டவரின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வேல்விழியைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று ஐந்து மணிக்கே வெள்ளகோவிலில் இருக்கும் தன் அறைக்குப் போய்விட்டதாகவும், காலையில் வந்துதான் விஷயம் தெரிந்ததாகவும் சொன்னாள்.

"ஆறுச்சாமிய விட்டுரு விழி. அவர் வாய்தான் அப்படி. இது கால் தவறி விழுந்ததுதான்." ஷெட் இருந்த திசையைப் பார்த்தாள். "ராத்திரியெல்லாம் அந்த ஏணியடியில தனியாக் கிடந்திருக்காரே."

தன்னோடு சண்டை போட்டவருக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று வேல்விழிக்கு நெஞ்சு இளகியது. வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.

அவள் டவருக்குள் போய்ப் பார்த்தாள். ஆஷா கூடவே வந்தாள். சுவர் விரிசல்களை அவள் பழைய முறையில் சுண்ணாம்பும் கடுக்காயும் அரைத்து அடைத்திருந்தாள். தரையெல்லாம் உதிர்ந்த செங்கல் தூசி. கீழ் அறையில் அன்றைய விமானிகளின் படங்களும், ஓடுபாதைக்கு மண் சுமந்த சுற்றுவட்டார ஆண் பெண்களின் படங்களும் குழு பார்ப்பதற்காக வரிசையாக மாட்டியிருந்தன. மரப் படிக்கட்டு முதல் மாடி வரை நன்றாக இருந்தது. அதற்குமேல் படி திரும்பும் இடத்தில் பலகைகள் இல்லை. அண்ணாந்து பார்த்தால் வெறும் பொந்து.

"புதன்கிழமை தச்சருங்க நோம்பிக்குப் போனதும் நானே கழட்டிப் பின்னால போட்டுட்டேன். செல்லு அரிச்சிருந்துச்சு," என்றாள் ஆஷா.

"அதுக்கப்புறம் மேல யாரும் போகலயா?"

"எப்படிப் போறது? கீழ இருக்கறத மட்டும் குழுவுக்குக் காட்டணும்."

முதல் மாடி ஜன்னல் கம்பியில் ஒரு கட்டம்போட்ட துண்டு தொங்கியது. வேல்விழி அதைப் பார்த்தாள்.

எட்டரை மணிக்கு நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் பாண்டியம்மாள் வந்து இறங்கினாள். காசிமாயனின் மனைவி. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரையும் எதுவும் கேட்காமல் நேரே ஷெட்டுக்குப் போய், புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழவில்லை. அவர் முழங்காலிலும் உள்ளங்கையிலும் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தாள்.

வேல்விழி அவள் பக்கத்தில் குத்த வைத்தாள். பாண்டியம்மாள் தானாகவே பேசினாள். வீரபாண்டியில் துணியை ஆவியில் தேய்க்கும் ஸ்டீம் காலண்டர் மெஷின் ஓட்டி ஓட்டி அவருக்கு நெஞ்சு கெட்டுப்போனது, நல்ல காற்றுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தார், வந்த பிறகு இருமல் பாதி குறைந்தது என்றாள். டவரைத் தன் வீடு மாதிரிப் பார்த்துக்கொண்டார். ஆஷாவுக்கும் சேர்த்துத்தான் தினமும் சோறு வடிப்பாள்.

"பஞ்சு அவுகளுக்கு ஆகாது தாயி. மூஞ்சியில துண்டு கட்டாம இந்த ஷெட்டுக்குள்ள கால் வைக்க மாட்டாக. துண்டு எங்க போச்சு?"

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்துச் சாயந்தரம். அந்தப் புள்ளைக்கு இன்னைக்குப் பெரிய நாளுன்னு நாந்தான் மாவிலை கோத்துக் குடுத்தேன். உச்சி ஜன்னல்ல கட்டிருதேன், நீ பஸ்ஸுக்குப் போன்னாக."

வேல்விழி எழுந்து வெளியே வந்தாள். டவரை அண்ணாந்து பார்த்தாள்.

பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். தங்கவேலு வந்து ஏதோ கேட்டார். கொஞ்ச நேரம் தனியாக விடச் சொன்னாள். எதையாவது தப்பாகக் கோத்துவிட்டோமா என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தாள். தப்பாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டாள். எப்படிப் புரட்டினாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நின்றது.

ஒன்பதரை மணி. ஆஷாவைப் பாராசூட் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். உயரத்தில் இருந்த சிறு ஜன்னல்களிலிருந்து வெயில் விழுந்தது. உள்ளே இருவர் மட்டும்.

"காசிமாயன் அந்த ஷெட்டுக்குள்ள நடந்து போகல," என்றாள் வேல்விழி. "போயிருந்தா செருப்புல பஞ்சு ஒட்டியிருக்கும். டவர்ல இருக்கற செங்கல் தூசிதான் இருக்கு. மூஞ்சியில கட்டற துண்டு டவர் ஜன்னல்ல தொங்குது. ஷெட்ல இருக்கறது இரும்பு ஏணி. அவர் கையில மரச்சிராய் ஏறியிருக்கு."

ஆஷா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்துச் சாயந்தரம் பாண்டியம்மா கோத்துக் குடுத்த தோரணம் உச்சி ஜன்னல்ல ஆடுது. புதன்கிழமையே பலகையக் கழட்டிட்டேன்னு சொல்ற. அப்ப அத யார் மேல போய்க் கட்டினது? பலகை நேத்துச் சாயந்தரம் வரைக்கும் அங்கதான் இருந்துச்சு ஆஷா. அவர் தோரணத்தக் கட்டிட்டு இறங்கும்போது உடைஞ்சிருக்கு."

"விழி…"

"ஏணியடியில தனியாக் கிடந்தாரேன்னு சொன்ன. இன்னைக்கு யார் உள்ள போனாலும் அவர ஏணியடியில பாக்கல. அவர் அங்க கிடந்தது, கொண்டுபோய்ப் போட்டவங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

ஆஷா நிமிர்ந்து பார்த்தாள். "பின்ன எங்க கிடந்தாரு?"

இதைச் சொல்லாமல் முடித்துவிட வழி இருக்கிறதா என்று ஒரு கணம் வேல்விழி தேடினாள். இல்லை.

"கதவுகிட்ட. உடைஞ்ச கால இழுத்துக்கிட்டுத் தவழ்ந்து வந்திருக்காரு. கதவ இழுத்துத் திறக்க முடியல. ரெண்டு மணி நேரம் உசுரோட இருந்திருக்காருன்னு டாக்டர் சொன்னாரு."

ஆஷா சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். "கதவுகிட்டயா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

பலகையைச் செல் அரித்தது அவளுக்கு இரண்டு மாதமாகவே தெரியும். கட்டடம் உறுதியாக இல்லாவிட்டால் குழு பரிசீலனைக்கே எடுக்காது. படிக்கட்டு நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதினாள். ஒப்புதல் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். ஓரமாக மிதித்து ஏறுங்கள் என்று காசிமாயனிடம் சொல்லியிருந்தாள். அவரும் சிரித்துக்கொண்டே அப்படியேதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நேற்று அவள் கீழே படங்களை மாட்டிக்கொண்டிருந்தபோது மேலே முறியும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் படிக்கட்டுப் பொந்து வழியாக அவர் அவள் முன்னால் விழுந்து கிடந்தார்.

"மூக்குல கை வெச்சுப் பாத்தேன். மூச்சு இல்ல விழி. செத்துட்டாருன்னே நெனச்சேன்." தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "எவன் தலைமேலயாவது விழுந்தாத்தான்னு ஆறுச்சாமி நேத்து மத்தியானந்தான் சொல்லிட்டுப் போனாரு. டவர்ல ஒருத்தர் செத்தா மறுநாளே இடிச்சிருவாங்க. அவரும் போய், இதுவும் போயிருமேன்னு… அவரே இத எப்படிப் பாத்துக்கிட்டாரு தெரியுமா உனக்கு?"

அவர் இடுப்புச் சாவியால் ஷெட்டைத் திறந்தாள். வேஸ்ட் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, அவரைச் சாய்த்து ஏற்றித் தள்ளிக்கொண்டு போனாள். நெஞ்சு கெட்ட மனிதர், எடையே இல்லை என்றாள். ஏணியடியில் கிடத்தி, செருப்பைக் கழற்றி வைத்தாள். சாவியைத் திரும்ப அரைஞாணில் கோத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். பிறகு உடைந்த பலகைகளைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பழைய மரக்குவியலில் சேர்த்தாள்.

"ஷெட்டுக்குக் கொண்டுபோகும்போது அவர்கிட்ட எந்த அசைவும் இல்லயா?" வேல்விழி போலீஸ்காரியாகத்தான் கேட்டாள்.

ஆஷா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அப்படியே இருந்து பதில் சொன்னாள்.

"நடுவழியில ஒரு சத்தம் கேட்டுச்சு. வண்டிச் சக்கரம்னு நெனச்சுக்கிட்டேன்."

கொஞ்சம் கழித்து, பதினொரு மணி வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள், குழுவுக்குக் காட்டிவிட்டு நானே ஜீப்பில் ஏறுகிறேன் என்று கெஞ்சினாள். எனக்காக இல்லை, கட்டடத்துக்காக என்றாள். வேல்விழி வெளியே வந்து டவருக்குச் சீல் வைக்கும்படி தங்கவேலுவிடம் சொன்னாள். மரக்குவியலைக் கிளறினார்கள். நடுவில் முறிந்த, செல்லரித்த பலகை இரண்டு கிடைத்தன. ஒன்றின் விளிம்பில், கை பிடித்து இழுத்ததில் சிராய் பிய்ந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

அதன்பிறகு வேல்விழி யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். ஷெட்டுக்குள் போய், அந்தத் தள்ளுவண்டியை வெளியே எடுத்து, டவர் வாசல் வரைக்கும் தானே தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தாள். புதுசாக ரப்பர் டயர் போட்ட சக்கரம். பழைய ஓடுபாதைக் காங்கிரீட்டில் அது துளிச் சத்தமும் இல்லாமல் உருண்டது.

குழு வந்தது. டவரை வெளியே நின்று பார்த்தார்கள், இரண்டு போட்டோ எடுத்தார்கள், ஜீப்பில் உட்கார்ந்திருந்த ஆஷாவைப் பார்க்காத மாதிரி காரில் ஏறிப் போனார்கள். இரண்டு மாதம் கழித்துப் பாராசூட் கூடத்தையும் ஷெட்டையும் பாதுகாக்கலாம் என்று உத்தரவு வந்தது. டவர் ஆபத்தான கட்டடம் என்று அதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். ஆறுச்சாமி குடோனைக் காலி செய்துவிட்டுக் காங்கயம் ரோட்டில் வேறு இடம் பார்த்துக்கொண்டார். காசிமாயனின் காரியத்துக்கு வந்து, பந்தலின் கடைசியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிப் பிணவறை வெளியே பாண்டியம்மாள் காத்திருந்தாள். கேஸை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வேல்விழி அங்கே போனாள். நடந்ததை அவளிடம் தானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னாள். பாண்டியம்மாள் கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டாள். ஆஷாவைத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செத்துட்டாகன்னு நெனச்சுத்தான தாயி விட்டுட்டுப் போனா? உசுரு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா விட்டுட்டுப் போயிருக்க மாட்டாள்ல? எங் கையால சோறு தின்ன புள்ள."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இன்றைக்காவது இவள் நிம்மதியாக இருப்பாள். ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் வேறு யாரோ வாசிக்க இவள் கேட்பாள்.

"வண்டியில கொண்டுபோகும்போது ஒரு சத்தம் கேட்டிருக்குக்கா," என்றாள் வேல்விழி. "சக்கரம்னு நெனச்சுக்கிட்டாளாம்."

பாண்டியம்மாள் அவளையே பார்த்தாள்.

"என்ன சத்தம்? எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாகளா?"

வேல்விழிக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை கேட்டவள் அதை ஆஷாவிடம் கேட்டிருக்கவில்லை.

"கேட்டுச் சொல்றேன்க்கா," என்றாள்.

கேஸ் நடந்த நாளெல்லாம் ஆஷாவை அவள் பலமுறை பார்த்தாள். எதிரெதிரே உட்காரவும் நேர்ந்தது. அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பாண்டியம்மாளும் அவளிடம் மறுபடி அதைக் கேட்கவில்லை.